யாருக்குச் சிரிப்பு?

ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குக் காலியிடம் ஒன்றுதான். விருந்தாளிபோல உட்கார்ந்திருந்த மேலாளருக்குக் கேட்டரிங் மாணவிகள் குட்டையும் நெட்டையும் பரிமாறிக் காட்ட வேண்டும்.

முதலில் குட்டை வந்து சூப்பை வைத்தாள்.

"பிரமாதம்மா!" அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்து நெட்டை வைத்தாள்.

"ஆறிப்போச்சு. மாத்து."

மாற்றினாள்.

"உப்பே இல்ல. இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா?"

குட்டைக்கு மட்டும் தேனாய் வழிந்த வாயா இது? நெட்டைக்கு வயிறு எரிந்தது. ஆனாலும், "மன்னிச்சுக்கோங்க சார்" என்று மறுபடி மாற்றினாள்.

"எல்லாத்துக்கும் முகராசி வேணும்டி" என்று காதைக் கடித்தாள் குட்டை.

மேலாளர் நெட்டையைத் தனியே அழைத்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு."

"நானா? அவகிட்டதானே சார் சிரிச்சுப் பேசினீங்க?"

"அவ கட்டைவிரல் சூப்புக்குள்ள இருந்துச்சு. வேண்டாதவங்களையும் சிரிச்சே அனுப்புறதுதானேம்மா நம்ம தொழில்!"