பள்ளத்துக்குப் புறப்பட்ட கூடாரம்

மலைமேல் முகாமில், கூடாரத்தின் கடைசி முளைக்குச்சியும் காற்றில் பிடுங்கிக்கொண்டது. தங்க வந்தவர்கள் அருவி பார்க்கப் போயிருந்தார்கள். கூடாரம் சரிவில் இறங்க ஆரம்பித்தது. கீழே கிடுகிடு பள்ளம்.

"பிடியை விட்டவன் நீ" என்றது கயிறு.

"வெடுக்கென்று இழுத்தவன் நீ. மண் இளக்கம் என்று அப்போதே சொன்னேன்" என்றது அதன் நுனியில் தொங்கிய முளைக்குச்சி.

"யாரிடம் சொன்னாய்?"

"உன்னிடம் சொல்ல நீ என்ன பெரிய ஆளா?"

"அடேய், சண்டையை அப்புறம் போடுங்கள். நான் போய்க்கொண்டிருக்கிறேன்!" என்று அலறியது கூடாரம்.

"பொறு அண்ணே, நியாயம் தெரியட்டும்" என்றது கயிறு.

நியாயம் தெரிவதற்குள் பள்ளத்தின் விளிம்பு வந்துவிட்டது. அங்கே கயிறு எதையோ சுற்றிக்கொண்டது. குச்சி குறுக்கே மாட்டியது. கூடாரம் நின்றது.

"பார்த்தாயா, நான்தான் பிடித்தேன்" என்றது கயிறு.

"நானில்லாமலா?" என்றது குச்சி.

கூடாரம் மட்டும் திரும்பிப் பார்த்தது. கயிற்றைத் தாங்கி அசையாமல் உட்கார்ந்திருந்தது, காலையில் 'முதுகில் உறுத்துகிறது, தூக்கி எறியுங்கள்' என்று கூடாரமே கத்தியதால் ஓரத்துக்கு உருட்டப்பட்ட குண்டுக்கல்.