சர்வேயர் வந்த ஞாயிறு

யுத்தம் முடிந்ததும், மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவே வண்டி நெரிசலைக் குறைக்கப் புது ரோடு வரப்போவதாகப் பேச்சு. தன் வீடும் இடிபடுமோ என்று மரியதாஸுக்குத் தூக்கமே போயிற்று. அந்த ரோட்டை அளக்கும் சர்வேயர் பவுல்சாமியே ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்துவிட்டார்.

"முன்பக்கம் அகலம் எவ்வளவு இருக்கும்?" என்று பவுல்சாமி வாசலை நோட்டம் விட்டார்.

"சின்ன வீடு சார்."

"வீட்டில யார் யாரு?"

"நானும் என் பொண்ணு ஜோனும்தான். அவ வருஷக்கணக்கா படுத்த படுக்கை சார். இங்கேர்ந்து கிளப்பினா உயிரே போயிடும். எங்க வீட்டை விட்டுடுங்க!"

பவுல்சாமியின் முகம் வாடியது.

"ரோடு அடுத்த தெருவோட போவுது, பயப்படாதீங்க. ஈஸ்டர் பூசையில பாடின பொண்ணு உங்க மகள்னு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க. என் பையனுக்குக் கேட்கலாம்னு வந்தேன். வாசல்ல கல்யாணப் பந்தல் போட இடம் இருக்கான்னு பார்த்தேன், அவ்வளவுதான்" என்று புறப்பட்டார்.

அதற்குள் ஜோன் காபியோடு வந்து நின்றாள்.

"நான்தான் சார் ஜோன். காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

பவுல்சாமி அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"என் வீட்டை அளக்க எவனாவது வந்தா நானும் இப்படித்தான் புளுகுவேன், சம்பந்தி!"