மலை இறங்கும் வண்டி

“பிரேக் விஷயங்க. கம்பெனி சர்வீஸ்லயே விட்டுடலாமே. எனக்குப் பயமா இருக்கு” என்றாள் மனைவி.

“ஆரம்பிச்சுட்டியா! அந்தக் கண்ணாடி மாளிகையில ஏசியில உக்கார வச்சு காபி குடுப்பான். வண்டியை யார் கழட்டுறான், யார் மாட்டுறான்னே தெரியாது. நம்ம மெக்கானிக் அண்ணன் அப்படியா?”

மறுநாள் காலையில் அவனும் ஐந்து வயது மகளும் மலை இறங்கி அத்தை வீட்டுக்குப் போகவேண்டும். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாதாளம்.

ஷெட்டில் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “தம்பி, இந்தத் தடவை கம்பெனியிலயே காட்டிடுங்களேன்.”

“பாத்தியா தன்னடக்கத்தை!” மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். “அதெல்லாம் முடியாதுண்ணே. உங்க கை பட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

வேறு வழியில்லாமல் அவர் சக்கரத்தைக் கழற்றினார். எங்கேயோ பார்த்தபடி, விரலாலேயே தடவித் தடவி ஒவ்வொன்றாக மாட்டினார்.

“பாரு, குனிஞ்சுகூடப் பாக்கல. அத்தனையும் கைப்பழக்கம்!” அவன் பூரித்துப்போனான். அவளுக்கு என்னவோ பயம் போகவில்லை.

காலையில் பின்சீட்டிலிருந்து மகள் கையாட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

வேலைக்கு நடந்துகொண்டே அவள் கணவனுக்குப் போன் போட்டாள். லைன் போகவில்லை. மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது. இறங்க ஆரம்பித்திருப்பார்கள். ‘சும்மா பயந்து சாகாதே’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

கம்பெனி சர்வீஸ் வாசலில் ஒரு பழைய கார் நின்றது. பக்கத்தில் மெக்கானிக்கின் மகள், கையில் சாவியோடு.

“என்னம்மா இது? வீட்டுலயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டு நீ இங்க வந்து நிக்கிறே?” அவள் சிரிக்க முயன்றாள்.

“பிரேக் வேலை, அக்கா. அப்பா தொடவே மாட்டேன்னுட்டார்.” அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “வெளிய சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும். இப்பல்லாம் அவருக்குக் கிட்டத்துல இருக்கிறது எதுவும் தெரியறதில்ல. தடவிப் பாத்துத்தான் மாட்டுறார். பெத்த பொண்ணு ஓட்டுற வண்டியாச்சே, பயந்துட்டார்.”