கை ரேகை இருக்கட்டும்

"கடைசிக் கேள்வி," என்று தொண்டையைச் செருமினார் மேனேஜர். "'அழுக்கு போகட்டும், கை ரேகை இருக்கட்டும்!' ஊரே சொல்ற நம்ம சோப்பு விளம்பர வரி. இதை எழுதினது யார்?"

சோப்புக் கம்பெனி ஆண்டு விழா. பொது அறிவுப் போட்டியின் இறுதிச் சுற்று. மேடையில் அக்கவுண்ட்ஸ் பெண்ணும் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரும் சரிசமமாக நின்றார்கள்.

அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு ஆபீஸில் 'களஞ்சியம்' என்று பட்டப்பெயர். முதல் பேசும் படம் எது, பால்பாயிண்ட் பேனாவை யார் விற்றுப் பணக்காரர் ஆனார், எந்த ராஜா எந்தப் போரில் தலைதெறிக்க ஓடினார், எதைக் கேட்டாலும் டாண் டாணென்று பதில் வரும்.

இந்தக் கேள்விக்கு அவ்வளவு அறிவெல்லாம் வேண்டாம். பதில் சுவரிலேயே இருந்தது. மறைந்த பெரிய முதலாளியின் படம், அதற்குக் கீழே அந்த வரி, அதற்குக் கீழே அவர் பெயர்.

களஞ்சியம் மணியை அழுத்திவிட்டாள். அப்புறம்தான் பார்வை கூட்டத்தின் பக்கம் போனது. மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா.

அப்பா இதே கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். டி.வி.யில் அந்த விளம்பரம் வந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

"நான் சொன்ன வரி! அந்த ஆள் கூசாம தன் பேரைப் போட்டுக்கிட்டான். துவைக்கிறவங்க கஷ்டம் தெரிஞ்சாத்தான் அப்படி ஒரு வரி வரும். அவன் ஆயுசுல ஒரு கைக்குட்டையாவது துவைச்சிருப்பானா?"

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி வைப்பாள். களஞ்சியம் பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி இது.

"பதில் சொல்லும்மா, நேரம் ஆகுது."

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சுவரில் இருக்கிற பெயரைச் சொன்னால் கோப்பையும் கிடைக்கும், வேலையும் தங்கும். அப்பா முகத்தில்தான் அப்புறம் முழிக்க முடியாது.

"எங்க அப்பா," என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னம்மா உளர்றே?"

"உண்மையைத்தான் சார் சொல்றேன். எங்கப்பா சொன்ன வரியைப் பெரிய முதலாளி எடுத்துக்கிட்டார். அவர் ஒரு கைக்குட்டையாவது துவைச்சிருப்பாரா? சொல்லுங்க!"

"தப்பான பதில்!" மேனேஜர் அவசர அவசரமாகச் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம்."

முன்வரிசையிலிருந்து சின்ன முதலாளி எழுந்தார். சரி, இவள் சீட்டு கிழிந்தது என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி," என்றார் அவர். "கடைசிக் காலத்துல அப்பாவே என்கிட்ட ஒத்துக்கிட்டார். டெஸ்பாட்ச்ல ஒருத்தர் சொன்ன வரிடா, பேரை நான் திருடிக்கிட்டேன்னு அழுதார். வெளியில சொல்ல எனக்குத்தான் தைரியம் வரலை. நாளையிலேர்ந்து சுவர்ல அவர் பேர்தான் இருக்கும். ஐயா, மேடைக்கு வாங்க."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முட்டிவலிக்காரரான அப்பா படிகளில் ஓடியே ஏறினார். மைக்கைப் பிடித்தவர் விடுவதாக இல்லை.

"துவைக்கிற பொம்பளைங்க கையை நினைச்சுப் பார்த்தேன். மனசு தாங்கலை. ராத்திரி பூரா தூக்கமே இல்லை. விடியறப்ப வரி வந்துடுச்சு!"

களஞ்சியம் கீழே இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கத் துடைக்க வழிந்தது.

"அடுத்தவங்க வரியைத் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டு, ஒரு மனுஷன் இத்தனை வருஷம் எப்படிம்மா நிம்மதியாத் தூங்கியிருப்பார்?"

அம்மா மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே இருந்தாள்.

"குறட்டை விட்டுத்தான்டி தூங்கறார் உங்கப்பா," என்றாள். "அவர் சட்டையைத் துவைச்சுட்டு, எரியற கையை ஊதிக்கிட்டே நான் சொன்ன வரி அது."