மேஜரைத் தேடி

"மேஜர்! டேய் மேஜர்!"

வடிவு போட்ட சத்தத்தில், ஆவடிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் திடுக்கிட்டு பிரேக் பிடித்தார்.

"உங்கள இல்ல சார். எங்க நாயி."

அவர் சிரித்துவிட்டுப் போனார். "பட்டாளம் கீற ஊர்ல நாயிக்கு மேஜர்னு பேரு வெச்ச பாரு, உன்ன சொல்லணும்" என்று வடிவு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வேம்புலிக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஜர் காணாமல் போய் அன்றோடு பதினோரு நாள். பிள்ளை இல்லாத வீட்டில் ஏழு வருஷம் பிள்ளையாக வளர்ந்த நாய். அதன் அலுமினியத் தட்டு இன்னும் வாசற்படி ஓரத்திலேயே கிடந்தது. அதைத் தாண்டித்தான் இருவரும் வீட்டுக்குள் போனார்கள். யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

எஸ்டேட் கம்பெனியில் வேலை முடிந்து வேம்புலி அண்ணனூரில் ரயிலை விட்டு இறங்கும்போது, மேஜர் போனதிலிருந்து தினமும் பிளாட்பாரத்தில் தூக்குவாளியில் டீயோடு வடிவு நிற்பாள். "குடிச்சிட்டு வா, தேடலாம்" என்பாள். ரெண்டு பேரும் தெருத்தெருவாக நடப்பார்கள். வீடு திரும்பும்போது இருவருக்கும் கால் வீங்கியிருக்கும்.

"இன்னும் எத்தினி நாளிக்குத் தேடுவ, வடிவு?"

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். "போனவன் ஊடு வந்து சேரணும்னு ஆத்தாவுக்கு வேண்டிகினு கட்டிகினேன். வர்ற வரைக்கும் தேடுவேன். இன்னாயா, அதுக்குள்ள காலு நோவுதா?"

அவனுக்கு நோவு காலில் இல்லை.

மேஜர் எங்கேயும் ஓடிப் போகவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாராயக் கடை வாசலில் தினமும் காத்துக் கிடந்து, தள்ளாடும் வேம்புலியை வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். பதினோரு நாளைக்கு முன், மூடியிருந்த கேட்டுக்குக் கீழே குனிந்து அவன் தண்டவாளத்தைக் கடந்தான். பின்னாலேயே மேஜரும் வந்தது. அவன் கடந்துவிட்டான்.

தன் துண்டில் அதைச் சுற்றி, அங்கிருந்த புங்கமரத்தடியில் கையாலேயே மண்ணைத் தோண்டிப் புதைத்தான். வீட்டுக்கு வந்து, "எங்கியோ ஓடிப்போச்சு" என்றான்.

நல்லவேளையாக, கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தேடலாம் என்று வடிவு ஒரு நாளும் சொல்லவில்லை.

மேனாம்பேட்டில் இட்லி விற்கும் அன்னம்மாள், இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "கெடைச்சுதாம்மா?"

"இல்லக்கா."

"எங்க பட்டினியா சுத்துதோ, பாவம். இந்தா, நாலு இட்லி கீது. கெடைச்ச ஒடனே போடு. மாதாவுக்குத் தெனம் மெழுகுவத்தி ஏத்திகினு கீறேன். கண்டிப்பா வந்துடும்."

பொட்டலத்தை வேம்புலிதான் வாங்கினான். சூடாக இருந்தது. யாரோ ஒருத்தி, செத்துப்போன நாய்க்காக மெழுகுவத்தி ஏற்றுகிறாள். தன் பொய் மாதாவின் காலடி வரை போய்விட்டதே. நாலு அடி நடந்து, ரோட்டோர மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"வடிவு... மேஜர் வரமாட்டான். கேட்டாண்ட ரயில்ல அடிபட்டுட்டான். நான்தான் பொதைச்சேன். நான் மட்டும் குடிக்காம இருந்திருந்தா..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

வடிவு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்யா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மறுநா காலையிலியே பார்த்துட்டேன். உன் துண்டு முனை மண்ணுக்கு வெளிய தெரிஞ்சுது. நல்லா மூடிட்டு வந்தேன். மூணாம் நாளு போயி பாலும் ஊத்தினேன்." அதுவரை திடமாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. "எம்புள்ள, ஒரு வா குடிச்சிருப்பான்யா..."

"தெரிஞ்சுமா இத்தினி நாளா தெருத்தெருவா அலைஞ்ச? அப்ப யாரத் தேடின நீ?"

வடிவு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். பதினோரு நாளாகச் சாராய வாடை அடிக்காத முகம்.

"உன்னத்தான்யா."