அழுக்குத் தெரியாத நிறம்

கடையிலிருந்த கறுப்பு ஃப்ரிட்ஜுக்கு ஆடி பிறந்ததிலிருந்தே உள்ளுக்குள் உதறல். தள்ளுபடி முடிவதற்குள் விலைபோகாவிட்டால் குடோனுக்குப் போக வேண்டும். அங்கே எலிகள் வயரைக் கடிக்கும். வருகிறவர்களோ, "அடுப்படியில போய் கறுப்பா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, பக்கத்திலிருந்த வெள்ளை ஃப்ரிட்ஜைத் தடவிப் பார்த்தார்கள்.

கடைசி நாளில் மங்கையர்க்கரசி என்றொரு பெண்மணி வந்தாள். சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறாளாம். வெள்ளையைத் தொட்டாள்; விரல் அழுக்கு அப்படியே பதிந்தது. கறுப்பைத் தொட்டாள், ஒன்றும் தெரியவில்லை.

"இதையே போட்டுருங்க. அழுக்குத் தெரியாது."

கறுப்புக்கு உயிர் வந்தது. "தப்பிச்சேன்டா!" என்றது.

"என் மேல ஒரு சொட்டு பட்டாலும் துணியை எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க," என்றது வெள்ளை, மெதுவாக. "உனக்கு யாரு வருவா?"

அதற்குள் கறுப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

புது அடுப்படியில் பால் காய்ச்சிய மறுநாள் புளிக்குழம்பு. அது கொதித்துத் தெறித்ததில் கறுப்பின் கதவில் சுரீரென்று நாலு சொட்டு. புளி காய்ந்து தோலை இறுக்கத் தொடங்கியது. "அம்மா, இங்க பாருங்க!" என்று கத்தியது கறுப்பு. வெளியே உர்ரென்று மட்டும்தான் கேட்டது.

மங்கையர்க்கரசி திரும்பினாள். கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லவேளை, ஒண்ணுமே தெரியல," என்று சொல்லிவிட்டுத் தீயைக் கூட்டினாள்.