நீலத் தூண்

நானூறு வருட மரத்தூணுக்குப் பளிச்சென்று நீலம் அடித்து வைத்திருந்தார்கள். வாசலிலேயே அதிகாரியின் முகம் சுண்டிப்போனது.

"யாருய்யா இந்த வேலையப் பார்த்தது?"

"நாங்கதாங்க. ஐயா வர்றீங்கன்னு தெரு முழுக்கவே அடிச்சிட்டோம்" என்றார் வீட்டுக்காரர், பல்லைக் காட்டிக்கொண்டு.

பாரம்பரிய ஊர்களின் பட்டியலில் எந்த ஊரைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கிறவர் அந்த அதிகாரி. மலைப்பாதை நெடுக வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, அத்தனை அழகுக்கும் முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் கரித்துக்கொட்டியபடிதான் இந்தப் பள்ளத்தாக்குக்கு இறங்கியிருந்தார். ஒரு காலத்தில் மூன்று மலைகளின் வணிகர்களும் தங்கிப்போன ஊர் என்று கோப்பில் எழுதியிருந்தது. இங்கே வந்து பார்த்தால் எல்லாம் நீலம்.

வீட்டுக்குள் அதற்கு மேல். சித்திரம் செதுக்கிய கதவை மறைத்துத் தகரம், ஜன்னல் நிறைய பிளாஸ்டிக் பூ. மாடிக்குப் போகும் செங்குத்தான படியில் பிடித்துக்கொள்ள ஒரு பழங்கயிறு தொங்கியது.

போன மாதம் அப்பா அந்தப் படியில் உருண்டு விழுந்ததை வீட்டுக்காரர் மெல்ல எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து இறங்கவே பயந்து மாடியோடு கிடக்கிறார், ஒரு கைப்பிடி வைத்தால் நன்றாக இருக்கும் என்று இழுத்தார்.

"பட்டியல்ல வந்துட்டா ஒரு ஆணி அடிக்கக்கூட எங்ககிட்ட மனு போடணும். மேல ஊர்ல ஒருத்தன் கைப்பிடி வச்சான், பிடுங்க வச்சேன்ல" என்றார் அதிகாரி பெருமையாக.

சொல்லிக்கொண்டே தூணில் சாய்ந்தார். சட்டைக் கை நீலமாகிவிட்டது. வீட்டுக்காரரின் மனைவி ஓடிவந்து ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். கறை போன இடம் தெரியவில்லை.

அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை அந்த மனிதர். ரசனை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜனங்கள் என்று முணுமுணுத்தபடி கோப்பைத் திறந்து, ஊர்ப் பெயரைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார்.

"இந்த ஊருக்குப் பாரம்பரியம் ஒரு கேடு."

வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. நல்லா அழட்டும் என்று நினைத்துக்கொண்டே அதிகாரி காரில் ஏறினார்.

கார் மேல் வளைவைத் தாண்டி மறைந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு வாளிச் சத்தம் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வாளியை எடுத்தாள்.

"தூணை நான் கழுவிக்கிறேன். நீங்க போய் மாமாவுக்குக் கைப்பிடியை அடிங்க."